வெள்ளைப் பூ வரும்வரை

1

போன வாரம் என் மனைவி வசந்தாமணி வேலை செய்யும் பல்கலைக்கழகத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய்விடவில்லை. இனிமேல் இது ஓடாது என்று அறிவித்து, கேக் வெட்டி, மரியாதையாக வழியனுப்பினார்கள். நான்கு இரும்பு பீரோக்களை ஒட்டி நிறுத்தியதுபோல் இருக்கும் அது. அடுத்து வரப்போவது அதில் கால்வாசி இடம்தான் பிடிக்குமாம், வேகமோ பல மடங்காம்.

குடும்பத்தாரையும் அழைத்திருந்தார்கள். நான் வழக்கம்போல் கேக் தட்டோடு சுவரோரம் நின்றேன். வசந்தாவோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, இந்த இயந்திரம் போவதில் உங்களுக்கு வருத்தமா என்று கேட்டாள். என் ஜெர்மன் மொழியில் ஆமாம் உண்டு, இல்லை உண்டு. இரண்டும் சரியான பதிலாகத் தோன்றவில்லை. சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, தமிழிலாவது அந்தப் பதிலை எழுதிவைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். கோவை கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். வசந்தா என் தாய்மாமன் மகள். அவள் பிறந்த அன்றே பேசி முடித்த சம்பந்தம். கல்யாணத்தின்போது அவள் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு மேலே மேலே போயிற்று, நான் பின்னால் பின்னால் போனேன். கடைசியில் கடையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் கைப்பிடித்து நடக்கும் வயதில் இருந்த மகள் ரம்யாவுடன், ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணையும் தென்னந்தோப்பும் வைத்திருக்கும் என் மாமனார், அதாவது மாமா, முதல் வருடம் போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏப்பா மாப்பள, அங்க நீ ஒரு பள்ளிக்கூடத்துல சட்டி கழுவறயாமா?"

"ஆமாங்க மாமா. மத்தியானம் மட்டுந்தானுங்க."

"என்ற பொண்ணு என்ன பண்றா?"

"அவ கம்ப்யூட்டருங்க."

"நல்லாருக்குது போ. இங்க இருந்திருந்தா நீ மொதலாளி."

மாமா மனதில் வஞ்சகம் கிடையாது. மனதில் பட்டதை ஸ்பீக்கர் வைத்ததுபோல் சொல்லிவிடுவார். நானும் மறுத்துப் பேசியதில்லை. சின்ன வயதில் அப்பா இறந்த பிறகு எனக்குக் கடை வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அவர் எதிரில் உட்கார்ந்துகூட எனக்குப் பழக்கமில்லை.

2

இங்கே எங்களைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டவர் அலுவலகம் என்று ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அவர்கள் குத்தும் முத்திரை இருக்கும்வரைதான் இந்த ஊரில் நாம் இருக்கலாம். எங்கள் முத்திரை வசந்தாவின் வேலை ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம் என்றால் முத்திரையும் இரண்டு வருடம். ஒப்பந்தம் அறுந்தால் முத்திரையும் அறுந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் மேசைக்குப் பின்னால் இருப்பவர் என்னைப் பார்த்துத்தான் பேசுவார். நான் வசந்தாவைக் காட்டுவேன். அவர் தாளைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடி என்னைப் பார்ப்பார். அடுத்தது பெயர்ச் சிக்கல். என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். வசந்தாவின் பாஸ்போர்ட்டில் அவள் அப்பாவின் பெயர். ரம்யாவுக்கு என் பெயர். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். இது ஒரே குடும்பம்தான் என்பதற்கு ஊரிலிருந்து சான்று வரவழைத்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அந்த முத்திரை உண்மையானதுதான் என்பதற்கு இன்னொரு முத்திரையும் வாங்கினோம்.

மொழியில் என் கஷ்டம் வேறு மாதிரி. ஜெர்மன் மொழியிலும் நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு உண்டு. நம் பக்கத்து வாய்க்கு ங்க போடாமல் பேச வராது. நான் எல்லோருக்கும் நீங்கள்தான். ரம்யாவின் பள்ளித் தோழிகளுக்கு, கீழ்வீட்டுக் கைக்குழந்தைக்கு, ஒருநாள் படிக்கட்டில் வழிமறித்துப் படுத்திருந்த நாய்க்கும்கூட. "கொஞ்சம் நகர்ந்துகொள்கிறீர்களா" என்று நான் நாயிடம் கேட்டதை ரம்யா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நேர்மாறாகப் போயிற்று. தமிழில் பேசும்போது ங்க உதிர்ந்துபோய்விட்டது. போனில், "அப்பிச்சி, நீ சாப்பிட்டியா?" என்பாள். எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவரை அப்பிச்சி என்போம். அவரை நீ என்று யாரும் சொல்லமாட்டோம். மாமா முதல்முறை சிரித்தார். இரண்டாம் முறை, "புள்ளைக்கு மருவாதி சொல்லிக் குடுக்கறதில்லையா மாப்பள?" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பேசாமைதான் எனக்கு உறுத்தியது.

3

வசந்தாவின் வேலை என்ன என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நான் அவளைக் கை காட்டிவிடுவேன். ஒருமுறை லீவில் ஊருக்குப் போனபோது, தோப்பில் கட்டில் போட்டு உட்கார்ந்து மாமாவே கேட்டார். அவருக்கு அவள் சொன்னதில்தான் எனக்கும் விளங்கியது.

"எந்தப் பொருளையும் ஒடச்சு ஒடச்சுப் போனா, கடைசில குவார்க்குன்னு ஒண்ணு வருமுங்கப்பா. அதைய ஒட்டி வெச்சிருக்கறதுக்குப் பேரு குளூவான். குளூன்னா பசைங்க."

"செவுத்துல போஸ்டர் ஒட்டறானே, அந்தப் பசையாட்டமா?"

"அப்படியே வெச்சுக்குங்க. ஆனா இந்தப் பசை மத்ததை ஒட்டறதோட நிக்காதுங்க. தன்னைத்தானே ஒட்டிக்கும். குவார்க்கே இல்லாம வெறும் பசையே உருண்டை திரண்டு நிக்கலாம்னு தியரி சொல்லுது. அதோட எடை எவ்வளவுன்னு பாக்கறதுதான் என்ற சோலி."

"தராசுல வெக்க வேண்டியதுதான?"

"கையில சிக்காதுங்கப்பா. அதனால கம்ப்யூட்டருக்குள்ள ஒரு குட்டி ஒலகம் செஞ்சுக்கறோம். வெட்டவெளிய அப்படியே கணக்குல அடக்க முடியாதுங்க. நம்ம தோப்பாட்டம் நாலா பக்கமும் ஒரே எடவெளியில புள்ளி நடறோம். மரம் இருக்கற எடத்துல குவார்க். மரத்துக்கு மரம் ஓடற வாய்க்கால்ல பசை. அவ்வளவுதான்."

மாமா தோப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எடவெளி எத்தனை அடி உடறீங்க?"

"அணுவுக்கு நடுவுல இருக்கற கருவைக் காட்டியும் சின்னதுங்க. நெருக்க நெருக்கத்தான் கணக்கு நெசத்துக்குப் பக்கத்துல வரும். வருசா வருசம் இன்னும் நெருக்கி நடறோம்."

"நெருக்கி நட்டா காய்க்காது அம்மணி. வெய்யிலு உள்ள எறங்கோணுமில்ல?"

வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து மாமா ஊரெல்லாம், "எங்க அம்மணி சீமையில காய்க்காத தோப்பு ஒண்ணு வெச்சிருக்கறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்காமல் இருந்த ஒன்று, அந்தத் தோப்பின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது. ஓரமே கிடையாது என்றாள் வசந்தா. வலது கடைசி மரத்துக்கு அடுத்தது இடது முதல் மரம். மோட்டாரில் சுழலாமல் நிற்கும் வெளி வளையமான ஸ்டேட்டரில் காயில் இறக்கும் பள்ளங்கள் வட்டமாக இருக்கும். கடைசிப் பள்ளத்துக்கு அடுத்தது முதல் பள்ளம்தான். அப்படி நினைத்துக்கொண்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. நேரத்தையும் ஒரு திசையாக வைத்து நடுகிறார்கள் என்றாள். அதற்கு என்னிடம் உவமை இல்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

வேலை நடக்கும் விதம் இது. ஒவ்வொரு வாய்க்காலாகப் போய் இயந்திரம் சின்னதாக ஒரு மாற்றம் செய்து பார்க்கும். அதை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா என்று பகடை போடும். விருப்பத்துக்குப் போடும் பகடை இல்லை. எந்த மாற்றத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது விதிப்படி. இப்படித் தோப்பு முழுக்கப் பல சுற்று போன பிறகு ஒரு படம் எடுத்துக்கொள்ளும். மறுபடி பல சுற்று, மறுபடி படம். அடுத்தடுத்த படங்கள் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிய பரீட்சைத் தாள் மாதிரி ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், தள்ளித் தள்ளித்தான் எடுக்க வேண்டும். கடைசியில் எல்லாப் படங்களுக்கும் சேர்த்துச் சராசரி. ஒரு படத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் படங்கள் நான்கு மடங்கு வேண்டும். அதனால்தான் அந்த நான்கு பீரோக்களும் மாதக்கணக்கில் இரைந்துகொண்டிருந்தன.

4

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய ஒப்பந்தம் முடியும் தறுவாய். ஓட்டம் தொடங்கும் முன்பே, இத்தனை படங்கள் சேர்ந்த பிறகுதான் விடையைப் பார்ப்பது என்று வசந்தா முடிவு செய்திருந்தாள். பாதி சேர்ந்ததும் பொறுக்காமல் பார்த்துவிட்டாள். பார்த்த இடத்தில் பசை உருண்டை நின்றது. வரைபடத்தில் கோடு ஏறாமல் இறங்காமல் மேசைமேல் வைத்ததுபோல் சமமாக நின்றால் உருண்டை இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்கும் காட்டினாள். கோடு நிஜமாகவே சமமாக இருந்தது.

அவளுடைய பேராசிரியர் நல்ல மனிதர். அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கோடைக்கால மாநாட்டுக்கு இதையே அனுப்பிவிடலாம், மீதி ஓட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாநாட்டில் பெயர் வந்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பது சுலபம் என்றும் சொன்னார்.

அதே நேரத்தில் கோவையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை வேலை வந்தது. மாமாதான் யார் யாரையோ பார்த்து ஏற்பாடு செய்திருந்தார். பல்லடம் ரோட்டு மேலே எனக்கு ஒரு கடை கட்ட அஸ்திவாரமும் போட்டுவிட்டார். எனக்கு ஊருக்குப் போக ஆசையாக இருந்தது. மறைப்பானேன், கடைக்கு எந்தப் பக்கம் கதவு வைப்பது என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். ரம்யாவிடம் சொன்னபோது, "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

வசந்தா இரண்டு பக்கமும் பேசவில்லை. விடை வந்த மகிழ்ச்சி முகத்தில் இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்று இருந்தது. அது எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்பள, கோயிலுக்குப் போயிப் பூ கேட்டுப்போட்டேன். வெள்ளை வந்துருச்சு. சாமி உத்தரவு குடுத்துருச்சு. பொட்டி கட்டற வழியப் பாருங்க."

பூ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எந்தப் பெரிய காரியமும் குலதெய்வத்தைக் கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும், செவ்வரளியை இன்னொரு இலையிலும் மடித்து, எது எதுவென்று தெரியாமல் சாமி முன்னால் வைப்பார்கள். ஒருவர் கும்பிட்டுவிட்டு ஒரு மடிப்பை எடுப்பார். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. என் கல்யாணத்துக்கும் பூ கேட்டுத்தான் தேதி குறித்தார்கள்.

"நல்லதுங்க மாமா" என்றேன்.

மாமா எதற்கோ எழுந்து போக, வசந்தாவின் தம்பி குமரேசன் போனை வாங்கினான்.

"மச்சான், ஒரு விசயம், நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. மொத ரெண்டு தடவையும் செவப்புங்க. பூசாரி, போதுமுங்க, அடுத்த அமாவாசைக்கு வாங்கன்னாரு. அப்பா உட்டாத்தான? சாமிக்குக் கேள்வி செரியா வெளங்கலைன்னு சொல்லி, மறுக்காவும் மடிக்கச் சொன்னாரு. மூணாவதுல வெள்ளை."

"பூசாரி ஒண்ணும் சொல்லலையா?"

"அவரு என்னத்தச் சொல்லுவாரு? கோயிலுக்குக் கம்பி வேலி போட்டுக் குடுத்ததே எங்கப்பன்தான."

நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் யாரும் தப்பென்று நினைக்காத தப்பு அது. சிவப்பு வந்தால் சாமி இன்னும் மனசு வைக்கவில்லை என்று மறுபடி கேட்பார்கள்.

5

சிரிப்பு அடங்கியதும் ரம்யா தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, மொதல்லயே வெள்ளை வந்திருந்தா, அப்பிச்சி ரெண்டாவது தடவை கேட்டிருப்பாரா?"

"எதுக்குக் கேக்கறாரு? வெள்ளைதான் வந்துருச்சே."

"அப்போ எப்படிப் பாத்தாலும் வெள்ளைதான வரும்? அப்புறம் சாமி எதுக்கு?"

பதில் சொல்ல வசந்தாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. கையில் இருந்த தோசைக் கரண்டியை அடுப்பின் மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்பில் இருந்த தோசை தீயத் தொடங்கியது. நான் எழுந்துபோய் அணைத்தேன்.

"ஏனுங்க" என்றாள். "நானும் அதைத்தானுங்க செய்யப் பாத்தேன்."

"எதைய?"

"பாதியில எட்டிப் பாத்தனல்ல, அப்போ கோடு கோணலா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்? இன்னும் படம் சேரட்டும், பாதிதான ஆயிருக்குதுன்னு சொல்லி ஓட உட்டிருப்பேன். நேரா இருந்ததுனால நிறுத்தறேங்கறேன். வெள்ளை வந்தா நிறுத்தறது, செவப்பு வந்தா மறுக்கா கேக்கறது. எங்கப்பா பண்ணுனதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது பகடைதான, விதிப்படி போடறதுன்னு சொன்னியே?"

"பகடை விதிப்படித்தானுங்க விழுகுது. எப்போ நிறுத்தறதுன்னு நானில்ல முடிவு பண்றேன்?"

ரம்யா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்திருக்க வேண்டும். "சாரிம்மா" என்றாள்.

"நீ எதுக்குடா கண்ணு சாரி சொல்றே" என்று அவள் தலையை வசந்தா தடவிக்கொடுத்தாள். "நிறுத்துனா ஒப்பந்தம் கெடைக்கும். ஓட உட்டா என்ன வருமோ தெரியாது. கோடு நின்னாலும் நிக்கும்."

அவள் கேட்டது என்னையா, தன்னையா என்று தெரியவில்லை. எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது உண்மை. ஓட விட்டு, கோடு சாய்ந்து, ஒப்பந்தம் போனால் நாங்கள் ஊருக்குப் போவோம். நான் தட்டுகளைக் கழுவினேன்.

6

மறுநாள் அவள் பேராசிரியரிடம் போய், முன்பு முடிவு செய்த அளவுக்கு ஓடி முடியும்வரை அனுப்ப வேண்டாம் என்றாள். பூ கதையையும் அவரிடம் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, உன் அப்பா இங்கே வந்தால் எங்கள் துறையில் நிறையப் பேருக்கு உறவாகிவிடுவார் என்றாராம். பிறகு, நீ சொல்வது சரிதான், ஆனால் மாநாடு காத்திருக்காது என்றாராம்.

மாநாடு காத்திருக்கவில்லை. வேறொருவர் வேறொன்றைப் பற்றிப் பேசினார்.

இயந்திரம் ஓடியது. வாரத்துக்கு ஒருமுறை, எட்டிப் பார்க்கவில்லை என்று வசந்தா என்னிடம் சொல்வாள், விரதம் இருப்பவர்கள் சொல்வதுபோல. சொன்ன அளவு படங்கள் சேர்ந்த அன்று நான் பள்ளிச் சமையலறையிலிருந்து நேராக அவள் அறைக்குப் போனேன். திரையில் கோடு இருந்தது. மேசைமேல் வைத்ததுபோல் இல்லை. மெல்ல மெல்லச் சாய்ந்து, பிழையைக் காட்டும் குச்சிகள் மேலும் கீழுமாக நீண்டு, எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

"அதுவும் இல்லீங்க. இந்த எடவெளியில, இத்தனை படத்துல, சொல்ல முடியாதுன்னு அர்த்தம். இன்னும் நெருக்கி நட்டு, இன்னும் ஒரு வருசம் ஓட்டுனா சொல்லலாம்."

ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பணம் இல்லை என்று அந்த மாதமே கடிதம் வந்தது. கோபமில்லாத, நன்றி சொல்லும் கடிதம்.

அன்று மாலை வசந்தா துணி மடித்துக்கொண்டே, "ஊருக்கே போயரலாமுங்க. காலேஜுல பாடம் நடத்தறேன். பரவால்லீங்க. உங்களுக்கும் அதான ஆசை" என்றாள்.

நம் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காரர்கள். வேண்டும் என்பதையும் வேண்டாம் என்பதையும் ங்க போட்டு ஒரே மாதிரி மென்மையாகச் சொல்லிவிடுவோம். வசந்தாவின் பரவால்லீங்க இரண்டு வகை. உண்மையிலேயே பரவாயில்லை என்றால் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவாள். பரவாயிருக்கிறது என்றால் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அன்று சிரித்தாள்.

பள்ளிச் சமையலறை வேலை போக, மோட்டார் பழுது பார்க்கும் ஒரு பட்டறைக்கு வாரத்தில் சில நாள் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒருவர் ஓய்வு பெற, முழுநேரமாக வந்துவிடுகிறாயா என்று பட்டறைக்காரர் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் போகிறவன் எதற்கு ஒப்புக்கொள்வது என்று நழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் போய், வருகிறேன் என்று சொன்னேன். என்ன மாறியது என்று அவர் கேட்டார். மனைவிக்கு ஒரு வருடம் வேண்டும் என்றேன். அது ஜெர்மனில் சரியாக வந்ததா தெரியாது. அவர் தலையசைத்தார்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் கோப்பைத் தலைகீழாகத் திருப்பினார்கள். இப்போது நான்தான் முதல் ஆள், வசந்தா என்னோடு இருப்பவள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு இந்த முறை வசந்தாவைப் பார்த்துப் பேசத் தொடங்க, அவள் என்னைக் காட்டினாள். பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாத விருந்தினராக ஒரு மேசையும், மற்றவர்கள் பயன்படுத்தாத நேரத்தில் இயந்திரமும் கொடுத்தார்கள். அவள் புள்ளிகளை நெருக்கி நட்டாள்.

ஒரு வருடம் கழித்து அவள் எழுதிய கட்டுரையில், உருண்டையின் எடை இதற்கும் இதற்கும் நடுவில் இருக்கலாம், அதற்குமேல் இப்போது சொல்வதற்கில்லை என்று எழுதினாள். அதைப் படித்த, அதே பல்கலைக்கழகத்தின் வேறொரு குழுவினர் அவளைத் தேடி வந்தார்கள், வேலையும் வந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது. அதற்கு முன்னால் மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

7

வசந்தா தானே சொல்வதாகச் சொன்னாள். முடிவு எடுத்தவன் நான், நானே சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், ரம்யா தூங்கி எழும் முன்பே எண்களை அழுத்தினேன்.

"மாமா, நாந்தானுங்க."

"சொல்லு மாப்பள. டிக்கெட் எடுத்தாச்சா? கடைக்கு ஜன்னல் வெச்சாச்சு, வந்து பாரு."

"நாங்க வரலீங்க மாமா."

அந்தப் பக்கம் கோழிகளின் சத்தம் மட்டும் கேட்டது. நின்றுகொண்டே பேசினேன்.

"வசந்தாவோட வேலை பாதியில நிக்குதுங்க. இன்னும் ஒரு வருசம் வேணும். நான் இங்கயே பட்டறையில முழுசாச் சேந்துட்டேனுங்க. அவ கேக்கல. நாந்தான் சேந்தேன்."

"சாமி உத்தரவு குடுத்துருக்குது, மாப்பள."

இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மாமா, அது மூன்றாவது பூ என்று சொல்லியிருக்கலாம். குமரேசன் மாட்டிக்கொள்வான் என்பதற்காக மட்டும் இல்லை, அவரிடம் அப்படிப் பேச எனக்கு வராது.

"தெரியுமுங்க மாமா. ஆனாலும் வரலீங்க. கோவிச்சுக்காதீங்க."

அந்தப் பக்கம் அவர் கட்டிலில் உட்காரும் சத்தம் கேட்டது.

"எனக்கும் வயசாகுது மாப்பள" என்றார். "உங்களையெல்லாம் பக்கத்துல வெச்சுப் பாக்கோணும்னுதான் கேட்டேன். வேற ஒண்ணுமில்ல." பிறகு, "சாமியத் தொந்தரவு பண்ணிக் கேட்டேன். அது எனக்கே தெரியும்" என்றார்.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"போனை அம்மணிகிட்டக் குடு."

வசந்தா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"சொல்லுங்கப்பா."

"ஏனம்மணி, அந்தப் பசை உருண்டை சிக்குச்சா?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேலியாக இல்லாமல் கேட்டது அன்றுதான்.

"இல்லீங்கப்பா. இருக்குதுன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல."

"அதைச் சொல்றதுக்குத்தான் இன்னும் ஒரு வருசமா?"

"ஆமாங்கப்பா."

கோழிகள் கத்துவது மறுபடி கேட்டது.

"செரி" என்றார் மாமா. "ஆளாளுக்கு அவசரப்படுத்துவாங்க. நாஞ் சொன்னேன், மாப்பள சொன்னாருன்னு கணக்கு முடியறதுக்கு முன்னால எதையாச்சும் சொல்லிப்போடாத."